பற்றாத பற்றாசு

யாப்பிலக்கணம் பயின்றோர் ‘ஆசு’ என்னும் சொல்லைப் பல இடங்களில் சந்தித்திருப்பர். குற்றம் என்பது அதன் பரவலான பொருள். ஆசுகவி என்பதில் வரும் ஆசு விரைவைக் குறிக்கும் வடசொல். அதை இங்கே விட்டுவிடுவோம். மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. இரு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து ஒரு நேரிசை வெண்பாவாக ஆக்கும்போது, முதற்குறளின் இறுதியும் தனிச்சொல்லும் இசைந்து நில்லாமல் விட்டிசைப்பதுண்டு. அப்போது இடையில் ஓரசையோ ஈரசையோ கூட்டிப் பொருத்துவர். அந்தக் கூட்டலுக்கும் ஆசு என்றே பெயர். யாப்பருங்கலக் காரிகைக்கு உரை செய்த குணசாகரர், தம்முள் ஒன்றாத உலோகங்களைப் பற்றாசு இட்டு ஒன்றாக்கும் தொழிலை இதற்கு உவமையாக்குகிறார். யாப்பை விளக்க வந்த உரையாசிரியர் பொற்கொல்லரின் பட்டறைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார் என்பது ஒரு சுவையான செய்தி.

அந்தப் பற்றாசுதான் இன்று ‘சால்டர்’ என்று வழங்கப்படுகிறது. வானொலி பழுதுபார்ப்போரின் பேச்சில் வெறும் ‘ஈயம்’. இந்தக் கட்டுரை, அவ்வீயம் ஒட்ட மறுக்கும் தருணத்தைப் பற்றியது. விளையாட்டுப் பெட்டிகளை, அதாவது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கேம் கன்சோல்களைத் திறந்து, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் ஒரு சிறு சில்லையோ கம்பியையோ சேர்த்து, அவற்றைத் தம் விருப்பத்துக்கு இயங்கச் செய்யும் ஆர்வலர் கூட்டம் ஒன்று முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் இருந்து வருகிறது. அவர்களுடைய ஓயாத முறையீடு ஒன்றே: ஈயம் உருகுகிறது, உருண்டையாகத் திரள்கிறது, சால்டரிங் அயர்னின் முனையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது, பலகையில் மட்டும் பற்றுவதில்லை. பெரும்பாலோர் தம் கைத்திறனையே நொந்துகொள்கின்றனர். கைத்திறனுக்கு இதில் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. எனினும் அந்த உருண்டைக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று நிற்கிறது.

உலோகத்தை உலோகத்தோடு பற்றவைக்கும் தொழில், பொன்னணிகள் செய்யத் தொடங்கிய காலத்தை ஒட்டியே பிறந்துவிட்டது. மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முந்தைய அணிகலன்களிலேயே அதன் தடயம் உண்டு. ஆனால் ஈயப் பற்றாசைப் பற்றித் தெளிவாக எழுதி வைத்தவர், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தின்போது மாண்ட ரோமானிய அறிஞர் பிளினி. இரண்டு பங்கு கறுப்பு ஈயமும் ஒரு பங்கு வெள்ளை ஈயமும் சேர்ந்த கலவையால் நீர்க்குழாய்களைப் பற்றவைத்தனர் என்று தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் அவர் குறிக்கிறார். தமிழ் வாசகருக்கு இங்கே விளக்கம் தேவைப்படாது. கறுப்பு ஈயம் நம் காரீயம். வெள்ளை ஈயம் நம் வெள்ளீயம். ஆங்கிலம் இரண்டுக்கும் தொடர்பற்ற இரு பெயர்களை வைத்துக்கொண்டது. லத்தீனமும் தமிழும் ஒன்றை ஒன்று அறியாமலே, இரண்டையும் ஓர் இனமாகக் கண்டு நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டின.

அதே பிளினி, எந்த உலோகத்தைப் பற்றவைக்க எந்தத் துணைப்பொருள் வேண்டும் என்றும் ஒரு பட்டியல் தருகிறார். ஈயத்துக்கு அவர் கூறுவது மரப்பிசின். இன்று மின்னணுக் கடையில் சிறு டப்பியில் விற்கும் ரோசின், பைன் மரத்தின் பிசினிலிருந்து எடுக்கப்படுவதே. இரண்டாயிரம் ஆண்டுகளில் வேறெந்தக் கைவினைப் பொருள் இவ்வளவு மாறாமல் வந்திருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை.

பிசின் எதற்கு? இக்கேள்விக்கு விடை தெரிந்தால், ஒட்டாத ஈயத்தின் புதிரில் பாதி அவிழ்ந்துவிடும்.

ஈயம் கோந்தைப் போல ஒட்டுகிறது என்பதே பொதுவான எண்ணம். அது சரியன்று. உருகிய வெள்ளீயம் தாமிரத்தைத் தொட்டவுடன் அதனோடு வினைபுரிந்து, இரண்டும் கலந்த மெல்லிய புதுப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. பற்று என்பது அந்தப் படலமே. காரீயம் இவ்வினையில் ஏறத்தாழப் பங்கு கொள்வதே இல்லை. கலவை குறைந்த வெப்பத்தில் உருகவும், நன்றாகப் பரவவும் துணை நிற்பதே அதன் வேலை. வினைபுரிய வேண்டிய இரு உலோகங்களுக்கும் நடுவே காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரு திரையை விரித்துவிடுகிறது. தாமிரம் காற்றுப் பட்ட மாத்திரத்தில் ஆக்சைடு போர்த்துக்கொள்ளும். சூடேற்றினால் இன்னும் விரைந்து போர்த்துக்கொள்ளும். அந்தத் திரையின் மேல் விழும் ஈயம், தாமரை இலையில் விழுந்த நீரைப் போல உருண்டு நிற்கும். திரவம் ஒன்று திடப்பரப்பில் பரவுமா, உருளுமா என்பதை அது பரப்போடு கொள்ளும் கோணத்தால் அளக்கலாம் என்று தாமஸ் யங் என்னும் ஆங்கிலேயர் 1805இலேயே எழுதினார்.

திரையைக் கிழிப்பதுதான் பிசினின் பணி. அதிலுள்ள அமிலம் குளிர்ந்த நிலையில் உறங்கும். சூடேறி உருகியதும் விழித்து, ஆக்சைடைக் கரைத்து அகற்றும். ஆறியதும் மீண்டும் உறங்கிவிடும். இதையே ஃப்ளக்ஸ் என்றும், கடைவழக்கில் ‘பேஸ்ட்’ என்றும் சொல்கிறோம். பொற்கொல்லர் வெங்காரம் இட்டதும், பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வீதிதோறும் வந்தவர்கள் சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் தேய்த்ததும் இதே காரணத்துக்காகத்தான். (நவச்சாரம் தூவியதும் எழும் வெண்புகையை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது.) அவர்கள் ஆக்சைடு என்ற சொல்லை அறியார், ஆனால் தூவாமல் பூசினால் ஈயம் பிடிக்காது என்பதை நன்கு அறிவர்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலை பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குப் பெயர்ந்தது. நாஜிகளின் நிழல் விழத் தொடங்கிய வியன்னாவிலிருந்து 1936இல் இங்கிலாந்து சென்ற யூதப் பொறியாளர் பால் ஐஸ்லர், தாமிரத் தகட்டை அரித்துத் தடங்களாக்கும் அச்சு மின்சுற்றுக்கு வழிவகுத்தார். பின்னர், பலகையை உருகிய ஈய அலையின் மேல் ஓட்டி, எல்லா இணைப்புகளையும் ஒரே கடப்பில் பற்றவைக்கும் முறை வந்தது. இவற்றில் பயன்பட்ட கலவை பெரும்பாலும் 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்டது. இவ்விகிதத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வெள்ளீயம் தனியே 232 பாகையிலும் காரீயம் தனியே 327 பாகை செல்சியசிலும் உருகுபவை. இவ்விகிதத்தில் சேர்ந்தாலோ 183 பாகையிலேயே, குழம்பு நிலை ஏதுமின்றி, ஒரேயடியாக உருகிவிடும். இரு உலோகங்களும் தனித்தனியே இருந்ததைவிடச் சேர்ந்தபோது எளிதில் இளகுகின்றன. இத்தகைய கலவைக்கு ‘யூடெக்டிக்’ என்னும் பெயரைக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கியவர் பிரடெரிக் கத்ரி, ஆண்டு 1884. எளிதில் உருகுவது என்பது அதன் பொருள்.

1994 டிசம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த சோனியின் முதல் பிளேஸ்டேஷன் இந்த ஈயக் காலத்தைச் சேர்ந்தது. அதன் குறுந்தகடுகளில், சாதாரண எழுதுகருவியால் படியெடுக்க முடியாதபடி, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று வட்டாரத்தைச் சுட்டும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று மறைந்திருக்கும். எட்டுக் கால்கள் கொண்ட மலிவான சில்லு ஒன்றைப் பலகையில் பற்றவைத்து, அந்த நான்கெழுத்தைப் பெட்டியின் காதில் ஓதிக்கொண்டே இருக்கச் செய்தால், எந்த நாட்டுத் தகடும் (நகல் தகடும்தான்) ஓடும். இந்தச் சில்லுகளை விற்ற சிட்னி நகரத்து ஸ்டீவன்ஸ் என்பவர்மீது சோனி தொடுத்த வழக்கு ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2005 அக்டோபரில் அந்நீதிமன்றம் ஸ்டீவன்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அந்நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. வழக்கு எப்படிப் போனாலும், பற்றவைப்பு மட்டும் அந்நாளில் பெருந்தொல்லை தரவில்லை. பலகையில் இருந்ததும் காரீயம் கலந்த ஈயம். ஆர்வலர் கையில் இருந்ததும் அதுவே. இனம் இனத்தோடு சேர்ந்தது.

தொல்லையின் தொடக்கத்திலும் ஒரு பிளேஸ்டேஷன் உண்டு என்பதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டின் இறுதியில், பண்டிகை விற்பனைக்கெனக் கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய 13 லட்சம் பிஎஸ் ஒன் பெட்டிகளை நெதர்லாந்து அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். இணைப்புக் கம்பிகளின் உறையில் அளவுக்கு மிஞ்சிய காட்மியம் இருந்ததே காரணம். ஒரு பொம்மைப் பெட்டிக்குள் இருக்கும் நச்சு உலோகம் ஒரு பெருநிறுவனத்தின் ஆண்டிறுதி விற்பனையையே முடக்கக்கூடும் என்று மின்னணு உலகம் அப்போது உணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டு ஆணை 2002ஆம் ஆண்டு எண்ணோடு வெளிவந்து, 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக ‘ரோஸ்’ எனப்படும் அவ்வாணை, காரீயத்தை எடையில் 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது.

இவ்வாணையைப் பழிக்கும் ஆர்வலர் பலர். நமக்கு அதில் உடன்பாடில்லை. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. எறியப்பட்ட பலகைகளை வெறுங்கையால் உடைத்துப் பிரிக்கும் ஏழைகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல சட்டம் தொழில்நுட்பத்தில் என்ன விலை கேட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதற்குமுன் ஓர் இடைக்கதை. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவில் வெளியானது. அப்போது எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ ஹுவாங், அப்பெட்டியின் இரண்டு பெரிய சில்லுகளுக்கிடையே ஓடும் மின்தடங்களில், தாமே செய்த சிறு பலகை ஒன்றைப் பற்றவைத்து, கடந்து சென்ற இரகசியத் திறவுகோலைப் படித்துவிட்டார். 2002இல் அதை ஆய்வறிக்கையாக வெளியிட்டார். குறியாக்கக் கணிதத்தை அவர் வென்றார் என்று பலர் நினைப்பர். அவர் வென்றது கம்பிகளை. தடங்களின் மேலுள்ள காப்புப் பூச்சை அகற்றி, தாமிரத்தை வெளிக்கொணர்ந்து, அதன்மேல் ஈயம் பற்றச் செய்ததில்தான் அவ்வெற்றியின் பாதி அடங்கியிருந்தது. அவர் எழுதிய ‘ஹேக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்’ நூலை வெளியிட இசைந்திருந்த பதிப்பகம், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்கியது. நூல் 2003இல் வேறு வழியில் வெளிவந்தது. அதில் பற்றவைப்பு முறைக்கெனத் தனிப்பகுதி உண்டு. 2013இல், மறைந்த ஆரன் சுவார்ட்சின் நினைவாக, அதை அவர் இலவசமாகவே வழங்கினார்.

இப்பெட்டியைத் திருத்தியவர்கள் எல்லோரும் திருட்டுத் தகடு ஓட்டவே திருத்தினார்கள் என்பதும் ஒருதலைப் பேச்சு. திருத்தப்பட்ட எக்ஸ்பாக்ஸில் திரைப்படம் பார்க்க எழுதப்பட்ட நிரல் ஒன்று வளர்ந்து எக்ஸ்பிஎம்சி ஆயிற்று. அதுவே 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாறி இன்றும் எத்தனையோ வீடுகளில் ஓடுகிறது.

அந்த எக்ஸ்பாக்ஸின் பலகையில், சில்லைப் பொருத்துதற்குரிய இருவரிசைத் துளைகள் இருந்தன. பல பலகைகளில் அவை தொழிற்சாலையிலேயே ஈயத்தால் அடைபட்டிருந்தன. துளைகளைத் திறந்தால்தான் ஊசிகளைச் செருக முடியும். மற்றத் துளைகளில் ஈயம் எளிதாக உருக, ‘தரை’ எனப்படும் பொதுமுனைத் துளையில் மட்டும் அசைய மறுக்கும். காரணம் ஆக்சைடு அன்று. அத்துளை பலகையின் உள்ளே விரிந்து கிடக்கும் பெரிய தாமிரப் பரப்போடு இணைந்தது. நாம் ஊட்டும் வெப்பத்தையெல்லாம் அப்பரப்பு உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய முனையும் குறைந்த ஆற்றலும் கொண்ட அயர்ன் அங்கே எத்தனை நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. அகன்ற முனை வேண்டும். ஆற்றல் மிகுந்த கருவி வேண்டும். இயன்றால் பலகையை அடியிலிருந்தும் இளஞ்சூடாக்க வேண்டும். பொறுமையிழந்தவர்கள் அழுத்தித் திருகித் தாமிர வளையத்தையே பெயர்த்து எடுத்தனர். இவர்களுக்காகவே, பற்றவைக்காமல் ஸ்பிரிங் ஊசிகளால் அழுந்தி நிற்கும் சில்லுகளும் சந்தைக்கு வந்தன.

இனி எக்ஸ்பாக்ஸ் 360. வெளியான நாள் 2005 நவம்பர் 22. புதிய ஆணைக்கு இணங்கிக் காரீயமற்ற பற்றாசால் ஆன பெட்டி அது. அத்தகைய பற்றாசில் பெரிதும் வழங்குவது 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு தாமிரம் சேர்ந்த கலவை. அது உருகத் தொடங்குவது 217 பாகையில். பழைய ஈயத்தைவிட 34 பாகை மிகுதி. தொல்லை வெப்பத்தோடு நிற்கவில்லை. காரீயம் நீங்கியதால் கலவையின் பரப்பிழுவிசை கூடி, அது பரவுவதற்குப் பதில் திரள விரும்புகிறது. வெப்பம் கூடியதால் ஃப்ளக்ஸ் விரைவில் தீர்ந்துபோகிறது. முனையும் விரைவில் கறுத்துவிடுகிறது. பழைய முறையில் பழகிய கைகள், 183 பாகைக்குப் பழக்கிய அயர்னோடு இப்பலகையை அணுகியபோது கண்டது தொடக்கத்தில் சொன்ன அந்த உருண்டையைத்தான்.

அப்பெட்டிகள் கூட்டங்கூட்டமாகச் சாகத் தொடங்கின. முகப்பிலுள்ள விளக்கு வளையத்தின் நான்கு பகுதிகளில் மூன்று சிவப்பாக ஒளிரும், அவ்வளவுதான். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பழி உடனே காரீயமற்ற பற்றாசின்மேல் விழுந்தது. வரைகலைச் சில்லுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள ஈய மணிகள் விண்டுவிட்டன என்று எல்லோரும் நம்பினர். வெப்பக் காற்றால் அவற்றை மீண்டும் உருக்குவது ஒரு சிறு தொழிலாகவே வளர்ந்தது. துண்டால் பெட்டியைச் சுற்றி வைத்துச் சூடேற்றிய அன்பர்களும் உண்டு. பெட்டி சில நாட்கள் உயிர்த்தெழும்; மீண்டும் சாகும். உயிர்த்தெழுந்ததையே நோய் இன்னதென்பதற்குச் சான்றாகக் கொண்டனர்.

2021 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ‘பவர் ஆன்’ என்னும் ஆவணத் தொடரில், அந்நாளில் வன்பொருளுக்குப் பொறுப்பாயிருந்த டாட் ஹோம்டால் வேறு விளக்கம் தந்தார். முறிந்தவை பாகங்களின் உள்ளே இருந்த இணைப்புகள். பெட்டியை ஏற்றுவதும் அணைப்பதுமாக, வெப்பம் ஏறி இறங்கி, அந்த நெருக்கடியில் அவை விட்டுப்போயின. அப்படியானால் பலகையின்மேல் இருந்த பற்றாசு பதினான்கு ஆண்டுகளாகச் சுமந்த பழியில் பெரும்பகுதி அதற்கு உரியதன்று. வெளியிலிருந்து சூடேற்றினால் உள்ளிணைப்பும் சிறிது நேரம் தொட்டுக்கொள்ளும். ஆகவேதான் பொய்யான மருந்து மெய்யானது போலத் தோன்றியது. ஆசுக்கு ஆசு கற்பித்துவிட்டார்கள்!

இருப்பினும் அப்பலகையில் கம்பி வைப்பவருக்குப் பற்றாசின் பிடிவாதம் மெய்யானதே. 2011இல் பரவிய ‘ரீசெட் கிளிட்ச்’ முறைக்கு, குண்டூசித் தலை அளவுள்ள புள்ளிகளில் மயிரிழைக் கம்பிகளை வைக்க வேண்டியிருந்தது. இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி, வேதியியல் அறிந்தவர் மெச்சத்தக்கது. முதலில் புள்ளியின்மேல் ஃப்ளக்ஸ் தடவுவர். காரீயம் கலந்த பழைய ஈயத்தைச் சிறிது அதன்மேல் உருக்குவர். அது தொழிற்சாலை ஈயத்தோடு கலந்து அதன் உருகுநிலையைக் கீழே இழுக்கும். தாமிரப் பின்னலால் அக்கலவையை உறிஞ்சி எடுப்பர். பிறகு புதிய ஈயத்தைப் பூசி, தனியே ஈயம் பூசிய கம்பியை அதன்மேல் வைத்து ஒரு கணம் சூடு காட்டுவர். ஒன்றோ இரண்டோ வினாடி. அதற்குமேல் நின்றால் புள்ளி பலகையை விட்டு எழுந்துவிடும். சூடேற வேண்டியது தாமிரம். அயர்னின் முனையில் ஈயத்தை உருக்கிச் சுமந்துகொண்டு போய் அப்பினால், போகும் வழியிலேயே ஃப்ளக்ஸ் எரிந்துவிடும். முனை கறுத்திருந்தால் வெப்பமே கடக்காது. ஈரப் பஞ்சில் துடைத்து, புது ஈயம் பூசி, வெள்ளிபோல் மின்னச் செய்ய வேண்டும். கம்பியிலும் கவனம் வேண்டும்: இனாமல் பூசிய கம்பி தாமிரம் போலவே தோன்றும், சுரண்டாமல் வைத்தால் ஈயம் அதைத் தீண்டவே தீண்டாது. குழாய் வேலைக்கான துத்தநாகக் குளோரைடு பசையை மட்டும் யாரும் தொட வேண்டா. ஈயம் அழகாகப் பிடிக்கும். சில மாதங்களில் தடத்தையே அரித்துவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. காரீயமற்ற பற்று ஆறியபின் மங்கலாகவே இருக்கும். அது அதன் இயல்பு. பழைய நூல்களில் மங்கல் என்றால் பிடிக்காத பற்று என்று படித்தவர்கள், நல்ல இணைப்பை மீண்டும் மீண்டும் சூடேற்றிக் கெடுத்துவிடுகின்றனர். அயர்னிலிருந்து எழும் புகை காரீயத்தின் ஆவி என்று அஞ்சுவோரும் உண்டு. அவ்வெப்பத்தில் காரீயம் ஆவியாவது மிக மிகச் சொற்பம். எழுவது பிசினின் புகை. அது மூச்சுக்குழலுக்கு நல்லதன்று என்பது உண்மை. காரீயம் உடலுக்குள் நுழைவது விரல் வழியாக வாய்க்கு. வேலை முடிந்ததும் கை கழுவுவது அதனால்தான் கட்டாயம்.

அண்மை ஆண்டுகளில் ஆர்வலர் பலர் மிகப் பழைய பெட்டிகளுக்குத் திரும்பியிருக்கின்றனர். அங்கே காரீயமற்ற பற்றாசு இல்லை; எளிதாயிருக்கும் என்று எண்ணி அயர்னை எடுத்தால், அங்கும் ஈயம் ஒட்டுவதில்லை. 1990இல் வந்த செகா கேம் கியர் இதற்குப் பேர்பெற்றது. அதிலுள்ள சிறு மின்தேக்கிகள் காலப்போக்கில் கசிந்து, உள்ளிருந்த திரவம் பலகையில் படர்ந்து, தாமிரத் திட்டுகளைக் கறுக்கச் செய்திருக்கும். முதல் எக்ஸ்பாக்ஸின் கடிகாரத்துக்கு மின்சாரம் சேமித்த தேக்கியும், கடைசிப் பதிப்பு நீங்கலாக, இவ்வாறே கசிந்து அருகிலுள்ள தடங்களை அரித்துவிடுகிறது. இக்கசிவின்மேல் எவ்வளவு ஃப்ளக்ஸ் தடவினாலும் போதாது. சூடு பட்டதும் மீன் நாற்றம் போன்றதொரு வாடை எழும், ஈயம் விலகி ஓடும். முதலில் தேக்கியைக் கழற்ற வேண்டும். காரத்தன்மையுள்ள எச்சத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்கு உலரவிட வேண்டும். அதற்குப் பிறகும் கறுப்பாகவே இருக்கும் திட்டை, கண்ணாடி இழைத் தூரிகையால் செம்மை தெரியும் வரை மெல்லத் தேய்க்க வேண்டும். செம்மை தெரிந்தவுடனே, தாமிரம் மீண்டும் கறுக்குமுன், பிசினும் ஈயமும் இட்டுவிட வேண்டும்.